மாமா இறங்காத ஸ்டேஷன்

சிறிய நிலையத்தில் பயணிகள் வண்டி குறித்த நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம் நின்றாலும், நின்றதற்கான காரணத்தை ஸ்டேஷன் மாஸ்டர் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். மாடு குறுக்கே வந்தது, எஞ்சினுக்குத் தண்ணீர் போதவில்லை, பயணிக்குப் பிரசவ வலி கண்டது ஆகியவை ஏற்கத்தக்க காரணங்கள். சினிமா இயக்குநர் ஒருவர் புகை கலையட்டும் என்று காத்திருந்தார் என்பது காரணம் ஆகாது.

இந்த விதி என் அப்பாவுக்கு மனப்பாடம். எனக்கு அது நினைவுக்கு வந்தது செகந்திராபாத் பக்கம் மாதாப்பூரில், என் மகனுடைய ஃபிளாட்டின் சோபாவில். பொதுத்துறைத் தொழிற்சாலையின் நிர்வாகப் பிரிவில் முப்பது வருடங்களுக்கு மேல் கோப்புகளை மேய்த்து ஓய்வு பெற்றவன் நான். ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி மகன் வீட்டுக்குப் போனால், ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஒரு ரசிகர் கூட்டம் தரையில் உட்கார்ந்திருக்கும். எல்லாரும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள். தாங்கள் பிறப்பதற்கு முன்பே செத்துப்போன ஒரு தமிழ் இயக்குநர்மீது அவர்களுக்குத் தீராத காதல். அவருடைய வெற்றிப்படங்களை யாரும் பேச மாட்டார்கள். அது பாமரர் வேலை. கொசு ஒழிப்புக்காக அவர் எடுத்த செய்திப்படம், சிமெண்ட் கம்பெனிக்கு எடுத்த விளம்பரம், பாதியில் நின்ற படங்கள், இவைதான் பேச்சு.

அன்று, நின்றுபோன ஒரு படத்திலிருந்து இரண்டு நிமிடத் துண்டு யாரோ இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். ஒலி கிடையாது. ரயில் வந்து நிற்கிறது. ஒரு பையன் பிளாட்பாரத்தில் ஓடி ஓடி ஒவ்வொரு ஜன்னலாகப் பார்க்கிறான். ஒரு ஜன்னலில் கோட்டுப் போட்ட ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். ரயில் நகர்கிறது. அவர் வாயைத் திறந்து கையை நீட்டுகிறார். மீசையில் பாதி தொங்குகிறது. பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான்.

"பாத்தீகளா? பாதி மீச!" என்றான் மதுரைப் பையன். "பர்மாவுல இருந்து திரும்பி வர்ற அப்பா. பாதி இங்க, பாதி அங்க. அம்பதுகள்லயே இதெல்லாம் யோசிச்சிருக்காருய்யா மனுசன்."

"மீசையை விடுங்க. அவரு எறங்கவே இல்லீங்களே, அதானுங்க விசயம்," என்றான் கோயம்புத்தூர்க்காரன். "கண்ணீர் வர வேண்டிய எடத்துல பையனைச் சிரிக்க வெச்சிருக்காரு. வேற யாருக்குங்க தைரியம் வரும்?"

இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண் இருந்தாள். அவள் சிப்ஸைக் கடித்துக்கொண்டே, "நக்கோ ரே, வேணாம், ஓவராப் பேசாதீங்க. அந்த ஆள் அப்புறம் எந்த ஸ்டேஷன்ல இறங்கினாரு?" என்றாள்.

அந்த அறையில் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அது. ஐந்து ஸ்டேஷன் தள்ளி என்று சொல்லி, அந்தப் பையன் நான்தான் என்றும் சொன்னேன்.

மதுரைப் பையன் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு, "அங்கிள், நெட்ல அது ஒரு நாடகக் கம்பெனிப் பையன்னு போட்டிருக்கே?" என்றான். ஆதாரம் கேட்பது முறைதான். அவன் இடத்தில் இருந்தால் நானும் கேட்டிருப்பேன். ஆதாரம் என்னிடம் இல்லை. நடந்ததைத்தான் சொல்ல முடிந்தது.

செகந்திராபாத்துக்கு அப்பால் ஒரு சிறிய நிலையத்தில் அப்பா ஸ்டேஷன் மாஸ்டர். எங்கள் பூர்வீகம் அரக்கோணம். அம்மாவின் தம்பி, என் மாமா, ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை தேடிக்கொடுக்கச் சொல்லி எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தவர், வேலையைத் தவிர மற்றதையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். முக்கியமாகச் சினிமா. எனவே மெட்ராஸிலிருந்து ஒரு படக்குழு, கூட்டம் கூடாத ஸ்டேஷன் வேண்டுமென்று ஒரு நாள் அனுமதியோடு எங்கள் ஊருக்கு வந்திறங்கியபோது, அதைத் தெய்வ சங்கல்பம் என்றே மாமா எடுத்துக்கொண்டார். காலையில் இயக்குநருக்கு வெந்நீர் கொண்டு போனார். மதியத்துக்குள், மெட்ராஸில் காய்ச்சலில் படுத்துவிட்ட நடிகருக்குப் பதிலாக, பர்மா அப்பா ஆகிவிட்டார். மகனாக நடிக்க என்னையும் இழுத்துப் போனார்.

வேலை எளிது. மாமா முந்தைய ஸ்டேஷனில் ஏறி, எங்கள் ஸ்டேஷனில் இறங்க வேண்டும். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழ வேண்டும். "ஆக்‌ஷன்னு நான் சொன்ன பிறகுதான் இறங்கணும். சொல்லாம அசையக் கூடாது" என்று இயக்குநர் மாமாவிடம் ஒருமுறைதான் சொன்னார். மாமாவுக்கு அது வேதவாக்கு.

வண்டி வந்தது. கேமரா ஓடியது. நானும் ஓடினேன். எஞ்சின் விட்ட புகை பிளாட்பாரத்தை மூடியிருந்தது. அது பாதி கலைந்ததும் 'ஆக்‌ஷன்' சொல்லலாம் என்று இயக்குநர் கையை உயர்த்தியபடி நின்றார். மாமா ஜன்னலில் கல்லுப்பிள்ளையார்போல உட்கார்ந்திருந்தார். வெயிலில் கோந்து இளகி மீசை நழுவியது. அதற்கும் அவர் அசையவில்லை. எங்கள் ஸ்டேஷனில் அந்த வண்டிக்கு ஒரு நிமிடம்தான். நிமிடம் முடிந்ததும் அப்பா பச்சைக்கொடியைக் காட்டினார். அனுமதிக் கடிதத்தில் 'படம் பிடிக்கலாம்' என்றுதான் இருந்தது, 'வண்டியை நிறுத்தி வைக்கலாம்' என்று இல்லை.

வண்டி நகர்ந்த பிறகு இயக்குநர், "ஆக்‌ஷன்!" என்று கத்தினார். அதற்குப் பிறகு நடந்ததுதான் இணையத்தில் ஏற்றிய துண்டின் கடைசியில் இருப்பது.

அந்த வண்டி அடுத்த நான்கு ஸ்டேஷன்களில் நிற்காது. மாமாவிடம் எங்கள் ஊர் வரைக்கும்தான் டிக்கெட். பர்மாவிலிருந்து வருகிறேன் என்பதா, மச்சான் ஸ்டேஷன் மாஸ்டர் என்பதா என்று குழம்பி, பரிசோதகரிடம் இரண்டையும் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை சரக்கு வண்டியின் பின்பெட்டியில் வந்து இறங்கினார். அம்மா ஒரு வாரம் அப்பாவிடம் நேரடியாகப் பேசவில்லை. "ஒங்கப்பாரு கொடியக் காட்ட மாட்டாரா இன்னும்? சாப்பாடு ஆறுது" என்று என் வழியாகத்தான் சொல்லுவாள்.

ஒரு நாள் அனுமதி முடிந்துவிட்டது. மறுபடி எடுக்கப் புதிய அனுமதி வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை அப்பாவே மூன்று பிரதிகளில் எழுதி, முறையான வழியில் மேலே அனுப்பினார். இயக்குநர் சில நாள் லாட்ஜில் இருந்து பார்த்துவிட்டு மெட்ராஸுக்குக் கிளம்பினார். "அனுமதி வந்ததும் தந்தி குடுங்க. அது வரைக்கும் நீங்களும் பையனும் இப்பிடியே இருங்க. எடுத்ததும் எடுக்கப்போறதும் ஒட்டணும்," என்று மாமாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மாமா இப்படியே இருந்தார். அதே கிராப்பு. அதே எடை. ஒர்க்‌ஷாப்பில் அப்பா சொல்லிவைத்த வேலை வந்தபோது, உலைக்களத்தில் நின்றால் முகம் கறுத்துவிடும், காட்சி ஒட்டாது என்று மறுத்துவிட்டார். "பைத்தியம்டா உனக்கு! அந்த ஆளு உன்ன மறந்தே போயிருப்பான்," என்றாள் அம்மா. "அவரு மறக்கல, அக்கா. ஆபீஸ்காரங்கதான் மறந்துட்டாங்க," என்றார் மாமா. அப்பா மாதாமாதம் நினைவூட்டல் அனுப்பினார். எனக்குத் தெரிந்து, மைத்துனனுக்காக அவர் செய்த ஒரே பரிவு அது. அதையும் தவறாமல் மூன்று பிரதிகளில் செய்தார்.

என்மீதும் மாமாவுக்கு அளவு கடந்த பிரியம் வந்துவிட்டது. அப்படித்தான் நான் நினைத்தேன். அதுவரை என்னை ஏறெடுத்துப் பார்க்காதவர், அமாவாசைக்கு அமாவாசை என்னைச் சமையலறைச் சுவரில் நிறுத்தி, தலைக்கு மேல் ஸ்கேல் வைத்து, கரித்துண்டால் கோடு போடுவார். எந்த வீட்டில் எந்த மாமா இப்படிச் செய்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்தேன். அவர் சந்தோஷப்படுவார் என்று குதிகாலைத் தெரியாமல் தூக்கி நிற்பேன். அவர் கோட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

"டேய், ஏன்டா இப்டி வளந்துகினே போற?"

"நெய்யி நெறைய துன்றேன் மாமா."

மறுநாளிலிருந்து என் சோற்றில் நெய்யைக் குறைக்கச் சொல்லி அம்மாவிடம் வாதாடினார். பிள்ளை வயிற்றில் அடிக்கிறாயா என்று அம்மா கரண்டியோடு துரத்தினாள். அதுவும் எனக்கு விளையாட்டாகத்தான் தெரிந்தது.

எனக்குக் குரல் உடைந்த வருடம். வழக்கம்போல் சுவரில் போய் நின்றேன். அவர் ஸ்கேலை எடுக்கவில்லை. நான் அவர் தோளைத் தாண்டியிருந்தேன். கூடுதலாகக் கொஞ்சம் எக்கிக் காட்டினேன்.

"போதும்டா," என்றார். "நல்லா வளந்துட்ட."

அந்தத் திங்கட்கிழமையே கிராப்பை ஒட்ட வெட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப் வாசலில் போய் நின்றார். நல்ல வேலை போயிருந்தது. எடுபிடி வேலைதான் கிடைத்தது. மாமா என்னைப் பாராட்டிவிட்டார் என்ற பூரிப்பில், அன்று சுவரில் என் கையாலேயே ஒரு கோடு போட்டுப் பெயரெழுதி வைத்தேன். நான் வளர்ந்த ஒவ்வொரு விரல்கடையும் அவருடைய படத்திலிருந்து வெட்டி எடுத்தது என்பதை எனக்குச் சொல்ல யாரும் இல்லை, அவரும் சொல்லவில்லை.

மதுரைப் பையன் மடிக்கணினியை மூடிவிட்டு, "அப்ப படம் நின்னதுக்குக் காரணம் நெட்ல போட்டிருக்கிற மாதிரி தயாரிப்பாளர் இல்லையா, அங்கிள்?" என்றான். காரணம் என்று எழுதும்படியாக எதுவும் இல்லை. யாரும் எதையும் மறுக்கவில்லை. கோப்பு நகர்ந்துகொண்டுதான் இருந்தது. ஒரு நாள் மட்டும், முன்பு படம்பிடிக்கப்பட்ட அதே நபர்களை மட்டும் கொண்டு படமெடுக்கலாம், தேவையானால் வண்டியை மூன்று நிமிடம் நிறுத்தி வைக்கலாம் என்று கோட்ட அலுவலகத்திலிருந்து அனுமதி வந்தது, நான் எஸ்.எஸ்.எல்.சி. கடைசித் தேர்வை எழுதிவிட்டு, முதன்முறையாக மீசை மழித்துக்கொண்டு வீட்டுக்கு வந்த பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை.