ஆறு பொயின்ற்ஸும் என் பட்டுச்சீலையும்

கடிதம் என் பெயருக்குத்தான் வந்தது. கார் என் பெயரில் இருப்பதால் அதைப் பற்றிய எந்தக் கடிதமும் என் பெயருக்குத்தான் வரும். ஆனால் நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த டூங்கபியில், எங்கள் வீட்டில் அந்தக் காரை மூன்று பேர் ஓட்டுகிறோம்: நான், கணவர், மகள். அரசாங்க உறையைக் கண்டதும் இது கணவருடைய வேலைதான் என்று உறையைக் கிழிக்க முதலே தீர்ப்பு எழுதிவிட்டேன். அவருக்கு வேக எல்லைப் பலகை என்பது யாரோ தெரியாத ஆள் சொல்லும் ஆலோசனை மாதிரி.

உள்ளே வேகத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சீற் பெல்ற் பிழை, தண்டப்பணம் என்று இருந்தது. படம் பார்க்க விரும்பினால் இணையத்தில் இந்த இலக்கத்தை அடியுங்கள் என்றும் இருந்தது. அடித்தேன். வீதிக்கு மேலே பூட்டிய கமரா, முன்கண்ணாடிக்குள்ளால் எடுத்த படம். கழுத்துக்குக் கீழேதான் தெரிந்தது. ஒரு பக்கத்தில் ஸ்ரியரிங்கைப் பிடித்த மெல்லிய இரண்டு கைகள். மற்றப் பக்கத்தில் அகலக் கரை போட்ட ஒரு பட்டுச்சீலை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தும் கரை எவ்வளவு நேர்த்தியாக விழுந்திருக்கிறது என்பதுதான் எனக்கு முதலில் வந்த எண்ணம். தோளுக்கு மேலாக வர வேண்டிய பெல்ற், என் கக்கத்துக்குக் கீழால் போயிருந்ததை அதற்குப் பிறகுதான் கண்டேன்.

அது ஒக்ரோபரில் திங்களும் லீவான நீண்ட வார இறுதி. நவராத்திரிக் காலம். ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். கணவருக்கு அன்றைக்கு வேலை. மகள்தான் ஓட்டினாள். காலையில் ஒரு மணித்தியாலம் கண்ணாடிக்கு முன்னால் நின்று, தோள் மடிப்பு ஒவ்வொன்றையும் விரலால் நீவி, ஊசி குத்தி வைத்திருந்தேன். அந்த மடிப்புக்கு மேலே பெல்ற்றைப் போட்டுக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் இருந்தால், கோயில் வாசலில் இறங்கும்போது சீலை படுத்து எழும்பின ஆள் மாதிரி இருக்கும். எங்கள் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று உண்டு. இடுப்பில் பூட்ட வேண்டியதைப் பூட்டு, தோளுக்கு வருவதைக் கக்கத்துக்குக் கீழே விடு. பூட்டாமல் இருந்தால்தான் கார் கத்தும், இப்படிப் பூட்டினால் கத்தாது. கார் கத்தாவிட்டால் குற்றம் இல்லை என்று நாங்களாகவே ஒரு சட்டம் வைத்திருந்தோம்.

மகள் இரண்டு தரம் சொன்னாள். ஒருக்கால் எங்கள் வீட்டு வாசலில், ஒருக்கால் பெற்றோல் நிரப்பிய இடத்தில்.

"அம்மா, பெல்ற்றை ஒழுங்காப் போடுங்கோ."

"போட்டுத்தானே இருக்கிறன். நீ றோட்டைப் பார்."

அவள் ஓட்டும்போது காரின் முன்னும் பின்னும் புது ஓட்டுநருக்கான சிவப்பு 'பி' பலகை. படிப்பு, வேலை என்று தள்ளிப் போட்டு இருபத்திரண்டு வயதில்தான் லைசன்ஸ் எடுத்தவள். வீதிக் குற்றம் ஒவ்வொன்றுக்கும் லைசன்ஸில் பொயின்ற்ஸ் என்று தண்டப் புள்ளி ஏறும்; எனக்குப் பதின்மூன்று சேர்ந்தால்தான் லைசன்ஸ் போகும். இத்தனை வருசத்தில் ஒன்றுகூடச் சேரவில்லை என்பது என் பெருமை. சிவப்புப் பலகைக்காரருக்கு நாலு சேர்ந்தாலே மூன்று மாதம் லைசன்ஸ் இல்லை. முன்னால் இருப்பவர் பெல்ற்றைப் பிழையாகப் போட்டால் ஓட்டுபவருக்கு மூன்று. நீண்ட வார இறுதியில் அது இரட்டிப்பாகி ஆறு. அடுத்த கிழமை போயிருந்தால் மூன்றோடு தப்பியிருப்பாள். நான்தான் விசேஷ நாளில் போக வேண்டும் என்று நின்றவள்.

இதெல்லாம் சும்மா ஒரு லைசன்ஸ் விசயமாக இருந்திருந்தால் பஸ்ஸில் போ பிள்ளை என்று சொல்லியிருப்பேன். அவள் தாதிப் படிப்பை முடித்து, தை மாதம் வேலை தொடங்க இருந்தாள். ஆஸ்பத்திரியில் இல்லை. வீடு வீடாகக் காரில் போய், வெளியே வர முடியாத நோயாளிகளுக்குப் புண் கட்டி, ஊசி போடும் வேலை. படிப்பின் மூன்றாம் ஆண்டிலிருந்தே அந்த வேலைதான் வேண்டும் என்று இருந்தவள். நியமனக் கடிதத்தில் இரண்டாவது நிபந்தனையே செல்லுபடியாகும் லைசன்ஸ்தான். லைசன்ஸ் போனால் வேலையும் போகும்.

இரவுச் சாப்பாட்டுக்கு முதல் கணவரிடம் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தேவையான அளவுக்கு மட்டும் சிரித்தார். பிறகு, "இதில யோசிக்க என்ன கிடக்கு?" என்றார். "கார் உம்மட பேர். ஓடினது வேற ஆள் எண்டு நீர் எழுதிக் குடுத்தால்தான் பிள்ளைக்குப் போகும். பேசாமக் கட்டும். ஆறும் உமக்கு வரும். விசயம் முடிஞ்சுது."

எனக்கு அது பொய் மாதிரியே தெரியவில்லை. எங்கள் கொண்டாட்டங்களில் மேசைக்கு மேசை இந்தக் கதை நடக்கும். மகனுடைய பொயின்ற்ஸைத் தகப்பன் எடுத்தார், மனிசனுடையதை மனிசி எடுத்தா என்று, ஏதோ பாரம் தூக்கிக் கொடுத்த மாதிரிச் சொல்வார்கள். என் விசயத்தில் நியாயமும் இருந்தது. பிழை விட்டது நான். பிழை விட்டவளுக்கே பொயின்ற்ஸ் வருவதில் என்ன களவு? கடிதத்தை மடித்துச் சீலை அலுமாரிக்குள் வைத்தேன். நான்கு நாள் மனம் லேசாக இருந்தது. பிள்ளைக்கு ஒரு நல்லது செய்கிறேன் என்ற சந்தோசப் புளுகம் வேறு.

கெட்ட காலம், காசு கட்டும் முன்னம் என் கணக்கில் இன்னும் ஒரு பொயின்ற்கூட ஏறவில்லைத்தானே என்று பார்க்க ஆசைப்பட்டேன். அதற்கு அரசாங்கக் கணக்குக்குள் போக வேண்டும். போகக் கடவு எண் ஒன்று கைத்தொலைபேசிக்கு வரும். எங்கள் வீட்டில் பெரியவர்களுடைய கணக்கெல்லாம் திறந்து தந்தது மகள். அதனால் எல்லாக் கடவு எண்ணும் அவளுடைய தொலைபேசிக்குத்தான் போகும். நான் இங்கே எண் வரும் வரும் என்று மூன்று தரம் அழுத்த, அங்கே பகுதிநேர வேலையில் நின்றவளுக்கு மூன்று செய்தி போயிருக்கிறது.

பின்னேரம் வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே கேட்டாள். "அம்மா, லைசன்ஸ் எக்கவுண்டில என்ன பார்க்கிறீங்கள்?"

எனக்குச் சமாளிக்க வராது. கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். படத்தைத் திறந்து கனநேரம் பார்த்தாள். கணவர் சொன்ன வழியைச் சொன்னேன். என் பிழை, என் பொயின்ற்ஸ் என்ற வாதத்தையும் விளக்கமாக எடுத்து வைத்தேன்.

"இது ஆற்ற கை?" என்று படத்தில் ஸ்ரியரிங்கைக் காட்டினாள்.

"உன்ர கைதான். ஆனா பெல்ற் என்ரை."

"அம்மா, நான் குடுத்த மருந்துக்கு நான்தான் கையெழுத்து வைக்கோணும். நல்ல மனசோட வேற ஆள் வைச்சாலும் அது பொய்தான். அப்பிடித்தான் எங்களுக்குப் படிப்பிச்சவை. முதல் வேலையையே இப்பிடித் தொடங்கச் சொல்லுறீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. வளர்த்த பிள்ளை நியாயம் பேசும்போது வருமே, அந்தக் கோபம். ஒரு நாள் முழுக்க அவளோடு பேசவில்லை. பிறகு நானே இறங்கி வந்து, ஓட்டியவள் நீதான் என்று எழுதுவோம், ஆனால் கூடவே நான் ஒரு மன்னிப்புக் கடிதமும் எழுதுவேன் என்றேன். அதற்கு ஒத்துக்கொண்டாள். சாப்பாட்டு மேசையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்து இரண்டையும் அனுப்பினோம். என் கடிதத்தில் சீலை, ஊசி, மடிப்பு, மகள் இரண்டு தரம் சொன்னது, நான் கேளாதது, ஒன்றையும் விடவில்லை. தண்டனையை எனக்குத் தாருங்கள் என்று முடித்தேன். மகள் என் இங்கிலீசைத் திருத்தினாள். அந்தக் கடைசி வரியை மட்டும் தொடவில்லை.

ஒரு மாதத்துக்குப் பிறகு பதில் வந்தது. மரியாதையான கடிதம். என் விளக்கத்தைக் கவனமாகப் பரிசீலித்தார்களாம். காரில் இருப்பவர்கள் பெல்ற்றைச் சரியாகப் போட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஓட்டுபவருடையதாம். முடிவில் மாற்றம் இல்லையாம். இரண்டு தரம் வாசித்தேன். பிழை விட்டவள் நானே வந்து வாசலில் நிற்கிறேன், என்னை எடுத்துக்கொள்ள அவர்களிடம் ஒரு படிவம் இல்லை. அந்த அலுவலகத்தோடு சண்டை பிடிக்கவும் முடியவில்லை, ஏனென்றால் எழுதியிருந்தது சரி. அவள் காரை நிற்பாட்டி, நீங்கள் போடும்வரை நான் எடுக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். என்னைத் தெரிந்தபடியால் சொல்லவில்லை.

லைசன்ஸ் மூன்று மாதத்துக்கு நிற்பாட்டப்பட்டது. அறிவித்தல் வந்த அடுத்த நாள் காலை, தன்னை வேலைக்கு எடுத்த மனேஜர் பெண்ணுக்கு அவளே அழைத்தாள். தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்து, முன்னால் ஒரு கொப்பியையும் பேனையையும் வைத்துக்கொண்டு இருந்தாள். நான் குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஆய்ந்தேன் என்பது பேச்சுக்கு, காது முழுக்க அங்கேதான்.

என்ன நடந்தது என்று அந்தப் பெண் கேட்டாள். குரல் தன்மையாக இருந்தது. நான் கீரையைக் கீழே வைத்தேன். இப்போது சொல்லுவாள். அம்மா சீலை கசங்கும் என்று பெல்ற்றைக் கீழால் விட்டா என்று சொல்லுவாள். அந்தப் பெண் சிரிப்பாள், சிரித்தால் மனம் இளகும், ஒரு வழி பிறக்கும். சொல்லு பிள்ளை, சொல்லு என்று எனக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன்.

"காரில் என்னோடு வந்த ஒரு பாசெஞ்சர் பெல்ற்றைச் சரியாகப் போடவில்லை," என்றாள் மகள் இங்கிலீசில். "ஓட்டியது நான். நான் காரை நிற்பாட்டியிருக்க வேண்டும்."

நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி என்றாள் அந்தப் பெண். தையில் ஓட்டக்கூடிய ஆள் வேண்டும் என்பதால் அந்த இடத்தை வைத்திருக்க முடியாது என்றாள், அடுத்த முறை விண்ணப்பிக்கச் சொன்னாள். மகள் நன்றி சொல்லிவிட்டு, கொப்பியில் எதையோ எழுதி, அதை மூடினாள்.

ஈரக் கையோடு போய் அவளுக்கு முன்னால் நின்றேன். "அம்மாதான் எண்டு சொல்லியிருக்கலாமே. பிழை என்னிலதானே, பிள்ளை."

"ஓம் அம்மா," என்றாள். குரலில் கோபம் இல்லை. "அது எனக்குத் தெரியும். அவவுக்கு ஏன் தெரியோணும்?"

அவள் எழும்பித் தன் அறைக்குப் போனாள். நான் அவள் இருந்த கதிரையில் இருந்து அழுதேன்.