பீரோவுக்குப் பின்னால் பூத்த பூஞ்சை

முதலில் வந்தது இருமல்தான். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் புடவை பிரித்துக் காட்டும் வேலை எனக்கு. மழை தொடங்கியதிலிருந்து, காலையில் எழுந்ததும் நெஞ்சுக்குள் விசில் போல ஒரு சத்தம் கேட்கும். கடைக்குப் போனால் அடங்கிவிடும். சளி என்று நினைத்துக் கஷாயம் குடித்தேன். வீட்டில் மட்டும் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டும். எழுந்து நடப்பேன், மறுபடி படுப்பேன்.

நுரையீரல் மருத்துவர் ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதவைத்து மூச்சின் வலுவை அளக்கும் சோதனை) செய்தார். ஆஸ்துமா (மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சுருங்கும் நோய்) என்றார். பிறகு கேட்டார்:

"கடையில நல்லா இருக்கீங்க, வீட்ல இருமுறீங்க. வீட்ல எங்கனா ஈரம் இருக்குதாம்மா?"

அன்று மாலை என் கணவர் தாமஸ் படுக்கையறை பீரோவை நகர்த்தினார். பின்சுவர் முழுக்கக் கரும்பச்சையாகப் பூஞ்சை. மாடிக் குளியலறைக் குழாயின் கசிவு உள்ளுக்குள் இறங்கியிருந்தது. வாடகைக்கு விட்ட வீட்டு உரிமையாளர் போன வருடம் பெயிண்ட் அடித்து மறைத்த சுவர் அது. பார்த்துக்கொண்டு நிற்கப் பொறுக்காமல் துடைப்பத்தை எடுத்துத் தேய்த்தேன். தூள் பறந்தது. சற்று நேரத்தில் மூச்சு முட்டி எனக்குப் பேச முடியாமல் போனது.

மருத்துவமனையில் நெபுலைசர் (மருந்தைப் புகைபோலாக்கி மூச்சில் செலுத்தும் கருவி) வைத்தார்கள். காய்ந்த பூஞ்சையைத் தட்டினால் கண்ணுக்குத் தெரியாத அதன் வித்துகள் வீடெங்கும் பரவும் என்றார் மருத்துவர். சுத்தம் செய்து முடியும்வரை நான் அங்கே இருக்கக் கூடாது. வாலாஜாபாத்தில் என் தங்கை வீட்டுக்குப் போனேன். அங்கே இருமல் குறைந்தது. மனம்தான் அடங்கவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

ஒரு மதியம் காஞ்சிபுரத்திலிருந்து எங்கள் பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தார். தாமஸ் கதவைச் சாத்திக்கொண்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியில் பாத்ரூம் ஆசிட்டையும் ஊற்றியிருக்கிறார். நச்சு வாயு கிளம்பி, இருமிக்கொண்டே வெளியே வந்து விழுந்திருக்கிறார்.

பஸ்ஸில் எனக்கு உட்காரத் தோன்றவில்லை, நின்றுகொண்டே வந்தேன். மருத்துவமனைக் கட்டிலில் ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கி அவர் சொன்னார்:

"ரெண்டையும் சேத்தா சீக்கிரம் போயிடும்னு நெனச்சேன்மா. நீ வந்துடலாமேன்னு."

நான் முகமூடியைத் திரும்ப வைத்தேன். எங்கள் இருவர் மூச்சும் ஒரே சுவரால் கெட்டிருந்தது.

வீட்டு உரிமையாளர் இன்னொரு முறை பெயிண்ட் அடித்துத் தருவதாகச் சொன்னார்.

"கசிவு நிக்காம பெயிண்ட் அடிச்சா உள்ள வளந்துக்கினேதான் இருக்கும். நீங்களே வந்து பாருங்கண்ணா" என்றேன். வந்து பார்த்தவர் குழாயை மாற்றினார்.

அதன் பிறகுதான் சுத்தம் செய்தோம். செய்தது தாமஸின் தம்பி. என்-95 முகக்கவசம், கையுறை, கண்ணாடி போட்டு, ஜன்னலைத் திறந்து, மற்ற அறைக் கதவுகளை அடைத்து, சுவரை முதலில் நனைத்து, சோப்புத் தண்ணீரால் துடைத்தார். வேறெதையும் கலக்கவில்லை. ஊறிப்போன சுவர்ப்பூச்சை ஈரத்தோடு பெயர்த்தார். மெத்தையை பிளாஸ்டிக் உறையில் கட்டி வெளியேற்றினோம். சுவர் காய வாரக்கணக்கில் ஆனது. உங்கள் வீட்டிலும் இப்படி இருந்தால், இந்தக் காத்திருப்புதான் கடினம். அதைச் சுருக்கப் பார்க்காதீர்கள்.

தாமஸ் தேறிவிட்டார். நான் காலையும் மாலையும் இன்ஹேலர் (மருந்தை உள்ளிழுக்கும் கருவி) எடுக்கிறேன். முன்பு மூச்சு தன் பாட்டுக்கு நடந்தது. இப்போது நானும் கூடவே நடக்கிறேன். வானம் கறுத்தால் மற்றவர்கள் கொடியில் காயும் துணியை நினைக்கிறார்கள். நான் என் நெஞ்சுக்குள் விசில் கேட்கிறதா என்று கவனிக்கிறேன்.

சென்ற வாரம் உறவினர் வீட்டில் ஒரு நிச்சயதார்த்தம். உள்ளே நுழைந்ததும் எங்கள் சுவரில் இருந்த அதே ஈர வாடை. உடனே கிளம்ப வேண்டும் என்பதை எப்படிச் சொல்வது என்று தயங்கித் தாமஸைத் தேடினேன். அவர் எனக்கு முன்பே வாசலில் நின்றிருந்தார், கையில் என் செருப்போடு.