ஜமீலா இத்தா எழுதவைத்த மூன்று வரி

ஜமீலா இத்தா போய்விட்டார். இன்று காலை. மூச்சுத்திணறல்... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே.

கொச்சி மட்டாஞ்சேரியில் எல்லாருக்கும் அவர் தையல்கடை இத்தா, அதாவது அக்கா. கல்குவாரி அனுமதிகளைத் தோண்டித் துருவிக் கேட்கும் எங்கள் நாலைந்து பேருக்கு அவர் வேறு ஆள். பிளவுஸ் துணிகளுக்கு நடுவே சர்வே மேப்பை விரித்து, தையல் சாக்பீஸால் எல்லை வரைவார்.

ஆலுவாவுக்குக் கிழக்கே ஒரு குவாரி. அதைப் பெரிதாக்க அனுமதி தரலாமா என்று முன்பு ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. நான் பதினோரு நிமிடம் பேசினேன். சாட்டிலைட் படமெல்லாம் காட்டி. ஆங்கிலத்தில்.

அடுத்து முருகேசன். அதே குவாரியில் கல் உடைப்பவர், தேனிக்காரர்.

"எல்லைக்கல்லு இப்ப இருக்கிறது பழைய எடம் இல்ல சார். நகத்தி நட்டது நாங்கதான். எங்கள வெச்சுத்தான் நட்டாங்க."

மதியம் கம்பெனி பிரியாணிப் பொட்டலம் கொடுத்தது. ஹால் காலியானது. நாங்களும் பஸ் ஸ்டாப் வந்துவிட்டோம். அங்கேதான் கவனித்தேன், இத்தா இல்லை.

திரும்பி ஓடினேன். காலி நாற்காலிகள். ஓர் அதிகாரி, லேப்டாப்போடு ஒரு கிளார்க். முன்வரிசையில் இத்தா.

பேசியதையெல்லாம் அங்கேயே எழுதி, வந்தவர்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போடவேண்டும். அது சட்டம். பொட்டலம் வந்ததும் எல்லாரும் மறந்துவிடுகிற சட்டம்.

"எல்லாரும் போயாச்சில்லே இத்தா... இனி ஆருக்கு வாசிக்கணும்?" என்றார் அதிகாரி.

"நானு ஆளில்லையா சாரே? வாசிங்க."

வாசித்தார். முருகேசன் பேசியதற்கு ஒரே வரி: ‘ஒருவர் வேற்று மொழியில் பேசினார்.’

இத்தா உடனே முருகேசனுக்கு போன் போட்டார்.

"எடா, நீ சொன்னத எழுதச் சொல்லப்போறேன். பேரு போடட்டா, வேண்டாமா? ஜோலி போகும். ஆலோசிச்சு சொல்லு."

ஸ்பீக்கரில் லாரிச் சத்தத்துக்கு நடுவே முருகேசன் குரல்.

"பேரச் சொல்லித்தானக்கா பேசுனேன். போட்டுக்கங்க."

இத்தா ஒவ்வொரு வாக்கியமாக மலையாளத்தில் சொல்ல, கிளார்க் டைப் அடித்தார். மூன்று வரி. அதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டபிறகுதான் எழுந்தார்.

என் பதினோரு நிமிடம்? ‘ஓர் இளைஞர் சுற்றுச்சூழல் பற்றிப் பேசினார்.’

"உனக்கு ஒரு வரி, அவனுக்கு மூணு. கோபமா மோனே?" பஸ்ஸில் மட்டாஞ்சேரி வரும்வரை இதே சிரிப்பு.

முருகேசனுக்கு வேலை போனது. பிறகு எங்கே போனார் என்று நான் விசாரிக்கவில்லை.

இன்று முருகேசன் இத்தா வீட்டுச் சந்தில் நின்றுகொண்டிருந்தார். சட்டையெல்லாம் மிளகுத் தூசி. இங்கேயே ஒரு கோடவுனில் மூட்டை தூக்குகிறாராம். வேலை வாங்கிக் கொடுத்தது இத்தா. எங்கள் யாரிடமும் அவர் சொன்னதில்லை.

"தம்பி, அந்தப் பேப்பரு உங்ககிட்ட இருக்கா? எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. அதுல என்ன இருக்குன்னு இதுவரைக்கும் கேட்டதே இல்ல."

போனில் இருந்தது. அங்கேயே நின்று வாசித்தேன். முதலில் மலையாளத்தில், பிறகு தமிழில். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். முருகேசன் தலையைக் குனிந்து கேட்டார்.

குவாரியைப் பெரிதாக்க இன்னும் அனுமதி கொடுக்கவில்லை. எல்லையை அளக்க யாரும் வரவும் இல்லை.

ஆனால் வாசிச்சாச்சு, இத்தா. முடியும்வரை ஒருத்தரும் நகரவில்லை.

இனி நீங்கள் எழுந்து போகலாம்.