பதினேழாம் நம்பர் வெல்டர்

வெல்டருக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது, கை நடுங்கும். கை நடுங்கினால் பிழைப்புக்கு ஆகாது. அதனால் இருபத்தாறு வருஷமாகக் கோபத்தை விழுங்கியே குடும்பம் நடத்தினார். விழுங்கியது போதும் என்று தோன்ற ஓர் எண்ணெய்க் குழாய் வரவேண்டியிருந்தது.

குழாய் ஏரிக்கரை ஓரமாகப் போகிறது. ஊரே குடிப்பது அந்த ஏரித் தண்ணீரைத்தான். வேண்டாம் என்று மனு கொடுத்தார்கள். மனு போன இடம் தெரியவில்லை. பிறகு குழாய்ப் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்தார்கள். கை ஓங்கக்கூடாது, திட்டக்கூடாது, போலீஸ் தூக்கினால் உடம்பைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். அவர்களுக்குள் இவ்வளவுதான் சட்டம். மருத்துவமனையில் ஆயா வேலை பார்க்கும் வெல்டரின் மனைவி முதல் வரிசையில் உட்கார்ந்தாள். புருஷன் அதே குழாயைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் பேச்சு, "சாப்பாடு மேஜை மேல இருக்கு" என்பதோடு நின்றது.

ஒரு வாரம் மழை பிடித்துக்கொண்டது. வெல்டிங் ராடு ஈரம் பட்டால் உதவாது. சூட்டுப்பெட்டியில் காயவைத்துத்தான் எடுக்க வேண்டும். பெட்டியோ பழுது. "நாள் போகுது, அப்படியே அடிங்க" என்றார் இன்ஜினியர். ஏரிக்கரையில் குழாயோடு குழாய் சேரும் ஜாயிண்ட் பதினொன்று. வெல்டரும் அடித்தார். அடித்தது யார் என்று தெரிய, வழக்கம்போல ஒவ்வொன்றின் பக்கத்திலும் தன் நம்பர் பதினேழைக் குத்தினார். வெளியே வழவழவென்று இருக்கும், உள்ளே பொடிப்பொடியாக ஓட்டை. ஜாயிண்டை எக்ஸ்ரே எடுத்துச் சோதிக்கும்போது தெரிந்துவிடும், வெட்டியெடுத்துத் திரும்ப அடிக்கச் சொல்வார்கள் என்று நம்பினார். பாவி மனுஷன், அங்கேதான் ஏமாந்தார். நல்ல ஜாயிண்ட் ஒன்றையே பதினொரு தடவை படமெடுத்துக் கோப்பில் வைத்துவிட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. கேட்கப் போனவரிடம் இன்ஜினியர் சிரித்தார்.

"உன் நம்பர்தானே இருக்கு? கசிஞ்சா நீதான் உள்ள போவ."

அன்றைக்கே வீட்டில் சொன்னார். மனைவி தட்டைத் தள்ளிவைத்தாள்.

"கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரமா? எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? மண்ணு மூடறதுக்குள்ள சொல்ல வேண்டிய இடத்துல சொல்லுங்க."

மூடிவிட்டால் எவனும் தோண்டிப் பார்க்கப் போவதில்லை. மறுநாள் காலை மண் தள்ளும் வண்டி வருவதற்கு முன்பே வெல்டர் பள்ளத்தில் இறங்கி, தன் ஜாயிண்ட் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். கம்பெனி ஆள் என்று போராட்டக்காரர்களே விலகி நின்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். "யோவ், நீ போட்ட ஜாயிண்ட், நீயே மறிச்சா என்ன அர்த்தம்?"

"நான் போட்டதாலதான் சார் உக்காந்திருக்கேன்." கை நடுங்கியது, ஆனால் இந்தத் தடவை பேச்சும் வந்தது. "பதினொண்ணும் பொத்தல். வெட்டிப் பாருங்க. நல்லா இருந்தா பொய் சொன்னேன்னு ஜெயில்ல போடுங்க. பொத்தலா இருந்தாலும் போடுங்க, அடிச்சது நான்தான். மூட மட்டும் மூடாதீங்க."

இன்ஜினியர் இன்ஸ்பெக்டரின் காதில் ஏதோ சொன்னார். வெட்டிப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகாது, வெட்டவில்லை. நாலு போலீஸ்காரர்கள் வெல்டரைத் தூக்கினார்கள். உடம்பைத் தளர்த்த அவருக்குத் தெரியவில்லை. கட்டில் மாதிரி விறைத்துக்கொண்டே போனார். மண் வண்டி உறுமிக்கொண்டு நகர்ந்தது. மனைவி பள்ளத்தில் இறங்கி அவர் இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். வண்டி நின்றது.

"ஜாமீனுக்குன்னு எவன் வாசல்லயும் போய் நிக்காத," என்று போலீஸ் வேனுக்குள்ளிருந்து கத்தினார் வெல்டர்.

"எங்க போறது? எனக்கு இங்க வேலை இருக்கு," என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.