மொட்டை போட்டதும் செயலிக்கு என்னைத் தெரியவில்லை

போன வருடம் தைப்பூசத்துக்கு மறுநாள் காலை, கிள்ளானில் என் வீட்டு வாசலில் நடந்தது இது. மகளின் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததற்காகப் பத்துமலை முருகன் கோயிலில் மொட்டை போட்டிருந்தேன். நான் செயலி வழியே பயணிகளை ஏற்றும் இ-ஹெய்லிங் கார் ஓட்டுபவள். வேலை தொடங்கும் முன் செயலி செல்ஃபி கேட்கும். எடுத்தேன். முகம் பொருந்தவில்லை என்றது. துப்பட்டாவைத் தலையில் போட்டு எடுத்தேன். அதுவும் சரிப்படவில்லை. புத்திசாலித்தனமாக, மகள் பள்ளி நாடகத்துக்கு வாங்கிய விக்கை மாட்டிக்கொண்டு எடுத்தேன். ஆள்மாறாட்டம் என்று கணக்கையே முடக்கிவிட்டது.

எத்தனை முறை விளக்கி எழுதினாலும் இயந்திரம்தான் பதில் போட்டது. ஒரு வாரம் கார் நகரவில்லை. வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்திதான். சுபாங் ஜெயாவில் இருந்த அந்தச் செயலி நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனேன். முகப்பில் இருந்த தமிழ் இளைஞர் பணிவாகத்தான் பேசினார்.

"சாரி அக்கா, சிஸ்டம் முடிவு பண்ணிருச்சு. எங்களால ஒன்னும் செய்ய முடியாது லா."

கண் கலங்கித் திரும்பினேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற சீன ஆன்டி என் கையைப் பிடித்து நிறுத்தினார். தன் தொப்பியைக் கழற்றினார். அவர் தலையிலும் முடியில்லை. புற்றுநோய் சிகிச்சை முடித்து மறுபடி கார் ஓட்ட வந்தவராம். செயலிக்கு அவரையும் அடையாளம் தெரியவில்லை.

எங்கள் இருவரின் அடையாள அட்டையான ஐசியையும் மேசைமேல் வைத்து, மலாயில் கேட்டார்: "சிஸ்டத்த விடு தம்பி. நீ பார்த்துச் சொல்லு, இது நாங்களா இல்லையா?"

இளைஞர் ஐசியைப் பார்த்தார், எங்கள் தலைகளைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஆமாம் என்றார்.

"அப்போ அதை எழுதிக் குடு. முடியாதுன்னா, ஏன் முடியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. தொழிலாளர் அலுவலகத்துல காட்டுறோம்."

அவர் உள்ளே போய் மேலாளரை அழைத்து வந்தார். அரை மணி நேரத்தில் இரண்டு கணக்குகளும் திறந்தன.

பக்கத்திலிருந்த மாமாக் உணவுக்கடையில் தே தாரிக் டீ குடிக்கும்போது ஆன்டி பையிலிருந்து ஒரு மனுவை எடுத்தார். ஓட்டுநரை நேரில் விசாரிக்காமல் கணக்கை முடக்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவரக் கேட்கும் மனு. இப்படிப்பட்ட தாள்களைக் கண்டாலே, நமக்கு எதற்கு வம்பு என்று ஒதுங்கிப் போனவள் நான். வெட்கமாக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, விக் மாட்டிய கதையைச் சொன்னேன். ஆன்டிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

நம் பிழைப்பில் கைவைக்கும் முன் நம் பேச்சைக் கேட்க ஒரு மனிதர் இருக்க வேண்டும், அதை நிறுவனத்தின் நல்ல மனதுக்கு விடாமல் சட்டமே சொல்ல வேண்டும் என்று இப்போது என் காரில் ஏறுகிறவர்களிடமெல்லாம் நானே பேச்சைத் தொடங்கிவிடுகிறேன்.