கப்பலிலிருந்து வந்த பூகலூ

என் கணவர் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்ப்பவர். போன வருடம் அவருடைய கப்பல், மாலுமிகள் எல்லோரும் பயந்துகொண்டிருந்த ஒரு கடல்வழியாகப் போக வேண்டியிருந்தது. அங்கே சரக்குக் கப்பல்களைக் குறிவைத்து ஏவுகணை வீசிக்கொண்டிருந்தார்கள். அந்த வழிக்குள் நுழைவதற்கு முன்னால் எனக்கு ஒரு பாட்டும் குரல் செய்தியும் அனுப்பினார்.

"கூட வேலை பாக்குற பனாமாக்காரன் எந்நேரமும் இதத்தான் போட்டுக்கிட்டு இருக்கான். கேட்டுப் பாரு. கொஞ்ச நாளைக்கு நெட்டு இருக்காது. உம்மாட்ட சொல்லிடு."

நான் பாட்டைக் கேட்கவில்லை. அவருடைய குரலை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். பதில் அனுப்பினேன், அது போய்ச் சேரவில்லை.

தலத்தெருவில் இருக்கும் எங்கள் வீட்டில் நானும் மாமியாரும் மட்டும்தான். "எந்தப் பக்கமாப் போறானாம்?" என்று மாமி கேட்டார். "சொல்லல மாமி" என்றேன். எனக்குத் தெரியும். மாமிக்கும் தெரிந்துதான் இருக்க வேண்டும், மறுபடி கேட்கவில்லை. தொழுகைப் பாயைவிட்டு எழ மட்டும் அவருக்கு முன்னைவிட நேரமானது.

அந்த வாரம் ஒரு கப்பல் எரிவதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். பெயர் வேறு. எங்கள் கப்பல் இல்லை என்றதும் எனக்கு மூச்சு வந்தது. அதிலும் யாரோ ஒருத்தியின் புருஷன் இருப்பான் என்பது அப்புறம்தான் உறைத்தது. கம்பெனி ஆபீசுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் நல்லபடியாகத்தான் பேசினார். "எதாவது இருந்தா நாங்களே கூப்பிடுவோம்மா. கூப்பிடலன்னா எல்லாம் சரியா இருக்குன்னு வச்சுக்குங்க."

ஆறுதலாகச் சொன்னதுதான். ஆனால் அதற்குப் பிறகு போன் அடித்தாலே கம்பெனிதானோ என்று எண்ணைப் பார்த்தேன். நான் பள்ளி ஆசிரியை. வகுப்பில் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது கைப்பைக்குள் அதிர்ந்தால், எழுதிக்கொண்டிருந்த எண் மறந்துபோகும்.

ஒருநாள் மாலை, துணி எடுக்க மாடிக்குப் போனபோதுதான் அந்தப் பாட்டைப் போட்டேன். அவர் கேட்ட ஒன்றை நானும் கேட்போம் என்பதைத் தவிர வேறு எண்ணம் இல்லை. முதலில் பியானோ. ஒரே துண்டு திரும்பத் திரும்ப வந்தது. பிறகு ஒரு கூட்டமே கைதட்டத் தொடங்கியது. பின்னால் ஆட்கள் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், யாரோ கூப்பாடு போடுகிறார்கள். நடுவில் டிரம்பெட். பாடுகிறவன் ஒரு வரி ஆங்கிலத்தில் பாடுகிறான், அடுத்த வரி புரியாத மொழிக்குப் போய்விடுகிறது. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பாட்டு முடிந்தபோது, அவ்வளவு நேரமும் நான் கப்பலை நினைக்கவில்லை என்பது தெரிந்தது. மறுபடி போட்டேன்.

அப்புறம் தேடித் தேடிக் கேட்டேன். இதற்குப் பூகலூ என்று பெயராம். அறுபதுகளில் நியூயார்க்கில், பிழைக்க வந்த போர்ட்டோ ரிக்கோ தீவுக் குடும்பங்களின் பிள்ளைகள், பக்கத்து வீட்டுக் கறுப்பினப் பையன்கள் கேட்ட பாட்டையும் தங்கள் வீட்டு மேளத்தையும் கலந்து உண்டாக்கியது. அந்த வேறு மொழி ஸ்பானிஷ். வீட்டில் ஒன்று, தெருவில் ஒன்று என்று பேசி வளர்ந்தவர்கள். பிரான்சிலிருந்து லீவுக்கு வரும் என் அக்கா பிள்ளைகளும் அப்படித்தான் பேசும். பெரிய இசைக்காரர்கள் சிலர் அதை மதிக்கவில்லையாம். சில வருடங்களிலேயே அடங்கிப்போய்விட்டதாம். படிக்கப் படிக்க மனசு கொஞ்சம் நிலைகொண்டது. படிப்பதை நிறுத்தினால் பழையபடி.

மாமி ஒருநாள் மாடிப்படியில் ஏறி வந்துவிட்டார்.

"புள்ளகிட்டேர்ந்து ஒரு சேதியும் இல்ல. நீ ஆட்டப்பாட்டு கேட்டுக்கிட்டு நிக்கிற."

"உங்க மவன் அனுப்புனதுதான் மாமி."

மாமி படியிலேயே உட்கார்ந்தார். "போடு" என்றார். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு முழுசாகக் கேட்டார்.

"என்ன சொல்லுறாங்க?"

"தெரியல மாமி."

"கல்யாண வூடு மாரி இருக்கு. இன்னொருதரம் போடு."

இரண்டாவது தரம் பாதியில் பாட்டு நின்று போன் அடித்தது. தெரியாத எண். எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தன் விரலாலேயே அழுத்தினார். "டீச்சர், நாளைக்குப் பரிட்சை இருக்கா இல்லியா?" என்றது ஒரு அம்மாவின் குரல். பதில் சொல்லிவிட்டு வைத்தேன். மாமி அப்போதுதான் என் மணிக்கட்டை விட்டார்.

என் கணவர் கூப்பிட்டது அதற்கடுத்த வாரம், பள்ளியில் இடைவேளையின்போது. "அந்த வழியவிட்டு வெளிய வந்துட்டோம்" என்றார். வராந்தாவில் பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவே அழுதேன். அப்புறம், "அந்தப் பாட்டு நல்லாருந்துச்சு" என்றேன்.

"எந்தப் பாட்டு?"

அனுப்பியதையே அவர் மறந்திருந்தார்.

லீவில் ஊருக்கு வந்தவருக்கு நான் சேர்த்துவைத்திருந்த பாட்டுகளையெல்லாம் போட்டுக் காட்டினேன். கைதட்டல் தொடங்கியதும் எழுந்து வாசல்பக்கம் போய் நின்றார். "சத்தத்தக் குறையேன்" என்றார். அந்த வழியில் போன நாளெல்லாம் இதைத்தான் கேட்டிருப்பார் என்று அப்புறம்தான் எனக்குத் தோன்றியது. இப்போது அவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்கிறேன்.

மறுபடியும் கப்பலுக்கு அழைப்பு வந்திருக்கிறது. "இங்கயே ஒரு கடையப் போட்டுக்கிட்டு இருக்கலாம்ல" என்கிறார் மாமி. என் கணவரோ கப்பலில் ஏறுமுன் செய்யும் மருத்துவப் பரிசோதனைக்குச் சென்னைக்கு டிக்கெட் எடுத்துவிட்டார்.