இருபதாவது பசி

மருத்துவமனையில் என் அக்காவுக்குப் 'பட்டினி மேடம்' என்று பெயர். ஸ்கேன் பிரிவில் வேலை. ஆறு மாதமாக அங்கேயே ஓர் ஆராய்ச்சியும் பார்த்துவந்தாள். பசியோடு வருபவர்களை இயந்திரத்துக்குள் படுக்கவைத்து உணவுப் படங்களைக் காட்டுவாள். நடுநடுவே குடை, நாற்காலி என்று வாயில் வைக்க முடியாதவையும் வரும். பிறகு வெளியே அழைத்துவந்து, வயிறு ஏறக்குறைய நிறைந்துவிட்டது என்று அவர்களே சொல்லும்வரை சாப்பிடவைத்து, அதே படங்களை மறுபடியும் காட்டுவாள். பசியில் கேக்கைக் கண்டு துள்ளிய மூளை, சாப்பிட்டபின் அதைக் குடையைப் பார்ப்பதுபோல் பார்க்கிறதா என்பதுதான் கேள்வி.

இருபது பேர் வேண்டும். ஆராய்ச்சிக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் இயந்திரம் கிடைக்கும், அதுவும் ஐந்து மணிவரை. ஒருவர் உள்ளே படுத்ததும் குறட்டை விட்டார். இன்னொருவர் ஆர்வக்கோளாறில் இரண்டு நாள் பட்டினி கிடந்து வாசலிலேயே மயங்கி விழுந்தார். இவர்களையெல்லாம் கழித்து, பத்தொன்பது பேர் தேறியிருந்தார்கள். இருபதாவது ஆளும் முடிந்தால் அக்காவுக்கு ஆராய்ச்சிப் பிரிவில் நிரந்தர வேலை. இல்லாவிட்டால் பழையபடி முதுகுவலிக்காரர்களைப் படமெடுக்க வேண்டியதுதான். அவளுக்குக் கொடுத்திருந்த கடைசி ஞாயிறு அது.

அன்றைக்கு வந்தவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். முந்தைய இரவிலிருந்து தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, காத்திருப்பு அறையில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அம்மாவும் நானும் அவருக்கு எதிரே உட்கார்ந்தோம்.

"ஏன் தம்பி முகம் வாடிக்கிடக்கு? காலையில சாப்பிடலையா?"

"சாப்பிடக் கூடாதுன்னு உள்ள இருக்கிற மேடம் சொல்லியிருக்காங்கம்மா."

"அவ அப்படித்தான் சொல்லுவா. ரெண்டு வாய் சாப்பிட்டா மெஷினுக்கு என்ன தெரியப்போகுது?"

நான் போனை நோண்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது டப்பாவில் ரொட்டியும் இல்லை, முட்டையும் இல்லை.

அக்கா அட்டையும் பேனாவுமாக வந்தாள். "பசி எவ்வளவு சார், பத்துக்கு?"

"ரெண்டு."

"எட்டாவது இருக்கணுமே."

"இருந்துச்சு மேடம். இந்த அம்மா மனசு நோகக் கூடாதேன்னு..."

அக்கா டப்பாவைப் பார்த்தாள். அவளுடைய டப்பா.

"ஆறு மாசம்மா," என்றாள்.

"ஒரு மனுஷன் பசியில வாடறான். நான் பார்த்துட்டுச் சும்மா இருக்கணுமா?"

"ஆமா. அவர் வாடணும். அதுக்குத்தான் வந்திருக்கார்."

மெக்கானிக் தொண்டையைச் செருமினார். "எட்டுன்னே எழுதிக்கங்க மேடம். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நீங்க சொல்ல மாட்டீங்க. உங்க மூளை சொல்லிடும்."

அப்போது மணி பன்னிரண்டு. இரண்டு ஸ்கேனுக்கும் நடுவில் சாப்பாட்டுக்குமாக ஒன்றரை மணி நேரம் வேண்டும். மூன்றரைக்குள் அவருக்குப் பசித்தாக வேண்டும். அக்கா அவரை மாடிப்படியில் ஏற்றி இறக்கினாள். ஆயுசெல்லாம் லிஃப்ட் ஓட்டவைத்தவர், ஏழு மாடியைக் காலால் எண்ணிக்கொண்டிருந்தார். அம்மாவை மூலையில் உட்காரவைத்து, யாரிடமும் பேசக் கூடாது என்று சொல்லியிருந்தாள். மருத்துவமனையில் எவ்வளவு மெலிந்த மனிதர்கள் நடமாடுகிறார்கள்! அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மூன்றரைக்கு அக்கா மறுபடியும் கேட்டாள்.

"ஏழு மேடம்."

"நிஜமா?"

அவர் அம்மாவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "நாலு. ரொட்டி கொஞ்சம் கெட்டி மேடம். இறங்கவே மாட்டேங்குது."

அக்கா அட்டையில் நான்கு என்று எழுதி, பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டாள். "சரி, நீங்க கிளம்புங்க," என்றாள். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே படியிறங்கிப் போனார். லிஃப்ட் பக்கம்கூடத் திரும்பவில்லை.

இயந்திரத்தை மூட நாங்களும் உள்ளே போனோம். மெக்கானிக்குக்காகத் தயார்செய்த படங்கள் திரையில் தானாக ஓடிக்கொண்டிருந்தன. குடை. நாற்காலி. கேக். அக்கா அணைக்கப் போன கையை அப்படியே நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

"அதுல ஒரு துண்டாவது மீந்திருக்காம்மா?"

அம்மா டப்பாவைத் திறந்து பார்த்தாள். காலி என்று தெரிந்துதான் திறந்தாள்.

"இல்லடி."

"இப்ப என்கிட்ட கேளு, பத்துக்கு எவ்வளவுன்னு."

அம்மா காலி டப்பாவை மூடினாள். திரையில் செருப்பு வந்தது.